செத்த எலி தேடிய புதன்கிழமைகள்

நாற்றத்தை முதலில் வாய்விட்டுச் சொன்னவர் எங்கள் வேதபாடக் குழுவில் இருக்கும் வெல்டர்தான். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. ஆவடியில் ரயில் பாதையைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தெருவில், எங்கள் சபையைச் சேர்ந்த சகோதரி ஒருவரின் வீட்டில் புதன்கிழமை மாலை வேதபாடம். பாட்டு முடிந்து, ஆரம்ப ஜெபத்துக்காகக் கண்ணை மூடியிருந்தோம். கண்ணை மூடினால் மூக்கு கூடுதலாக வேலை செய்யும் போலிருக்கிறது. ஆமென் சொன்ன கையோடு அவர் சொன்னார்:

"சிஸ்டர், தப்பா எட்த்துக்காத. எங்கியோ எலி செத்துக் கெடக்குது."

பாயில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்களுக்கும் முன்பே தெரிந்திருக்கிறது, சொல்லத் தயங்கியிருக்கிறார்கள். சகோதரி எழுந்து அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். நான் என் வலது காலைப் பார்த்தேன். பழுப்பு நிறக் காலுறைக்குள் அது அமைதியாக இருந்தது. அது எலி இல்லை என்பது அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் தமிழ் நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் பிரதி திருத்தும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். மற்றவர்கள் எழுதி அனுப்பும் செய்தியில் யார், எங்கே, எப்போது, யார் சொன்னது என்று கேட்டு, பதில் இல்லாத வரிகளை அடிப்பது என் தொழில். ஓய்வுக்குப் பிறகு புதன்கிழமை வேதபாடத்தை நடத்தச் சொல்லிப் போதகர் கேட்டபோது, அதே முறையை வேதத்துக்கும் கொண்டுவந்தேன். பகுதியை வாசிப்போம். யார் பேசுகிறார், யாரிடம், எந்த ஊரில், அதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்பேன். கடைசியில் ஒரு சுற்று வைத்திருந்தேன். இந்தப் பகுதியை இந்த வாரம் என் வாழ்க்கையில் எப்படிச் செய்யப்போகிறேன் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அன்பாக இருப்பேன் என்பதுபோலப் பொதுவாகச் சொன்னால் விடமாட்டேன். யாரிடம், என்றைக்கு என்று கேட்பேன்.

வெல்டருக்கு இந்தச் சுற்று மிகவும் பிடிக்கும். கனரக வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் பல காலம் வேலை பார்த்தவர், சத்தமாகவே பேசுவார். "நாள் முச்சூடும் மருமவ கைல டீ வாங்கிக் குட்சுகினு கீறேன். நாளைக்கி நான் போட்டுத் தரப்போறேன். சக்கர அளவு மட்டும் அவளே சொல்லணும்," என்பார். அடுத்த வாரம் வந்து, டீ எப்படித் திரிந்தது என்பதுவரை சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இவருக்கு ஆழம் போதாது என்று மனதுக்குள் ஒரு குறிப்பும் எழுதிக்கொள்வேன்.

என் முறை வரும்போது என்னை யாரும் கேள்வி கேட்டதில்லை. ஜெப வாழ்க்கையில் இன்னும் வளர வேண்டும் என்பேன். நடத்துபவன் சொன்னால் அது போதும் என்று இருந்தது.

காலைப் பற்றிச் சொல்வதற்கு முன் சபையில் நான் சொன்ன சாட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை நோய். போன வருடம் அது கட்டுக்கடங்காமல் ஏறியபோது வேதபாடக் குழுவினர் எனக்காக ஒரு நாள் உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். அதற்குப் பிறகு எடுத்த ஒரு பரிசோதனையில் அளவு நன்றாகக் குறைந்திருந்தது. ஒரே ஒரு பரிசோதனை. ஒரே இடத்திலிருந்து வந்த தகவலை வைத்து முதல் பக்கச் செய்தி போடக்கூடாது என்று எத்தனையோ இளம் நிருபர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் சபையின் ஆண்டுவிழாவில், கர்த்தர் தனக்குச் செய்ததை எல்லோர் முன்னும் எடுத்துச் சொல்லும் சாட்சிக்கு என்னை அழைத்தபோது மைக்கைப் பிடித்து, கர்த்தர் என்னைத் தொட்டு சுகமாக்கினார், மாத்திரைகூட பாதியாகிவிட்டது என்றேன். மாத்திரையை யார் பாதியாக்கியது என்று சொல்லவில்லை. கேட்டவர்கள் டாக்டர் என்று எடுத்துக்கொண்டார்கள். பாதியாக்கியது நான். பரிசோதனை முடிவைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சமையல் அறைக் கத்தியால் மாத்திரையை இரண்டாக நறுக்கினேன். டாக்டரிடம் அதற்குப் பிறகு போகவே இல்லை.

கூட்டம் அல்லேலூயா என்றது. கீழே இறங்கி வந்தபோது பலர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. செய்தித்தாளில் பிரதி திருத்துபவனுக்குப் பெயர் வராது. யாரும் கையைக் குலுக்கமாட்டார்கள்.

லெந்து தொடங்குவதற்குச் சற்று முன்பு, ஏரிக்கரை நடைபாதையில் காலை நடையை முடித்து வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினேன். வலது ஷூவுக்குள் ரத்தம். ஷூவைக் கவிழ்த்தால் ஒரு கருங்கல் சில்லு விழுந்தது. அதன்மேல் முழு நடையும் நடந்திருக்கிறேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கால் மரத்துப்போயிருக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு அதன் அர்த்தம் என்ன என்று உடல்நலப் பக்கத்தில் நானே கட்டுரைகள் திருத்தியிருக்கிறேன்.

அன்றே டாக்டரிடம் போயிருக்கலாம். போனால் ரத்தம் எடுப்பார்கள், அளவு தெரியும், மனைவிக்குத் தெரியும், சபைக்குத் தெரியும். சுகமானேன் என்று மைக்கில் சொன்னவன் சுகமாகவில்லை என்று ஆகும். தேவ நாமத்துக்கு இழுக்கு வரக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இழுக்கு யார் பெயருக்கு என்று அப்போதே எனக்குத் தெரியும்.

குளியல் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு புண்ணில் மருந்துக் கடைக் களிம்பைப் பூசினேன். வாடை தெரியாமலிருக்கப் பவுடர் கொட்டினேன். இரண்டு காலுறைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டேன். ஆவடி வெயிலில் வீட்டுக்குள் காலுறை எதற்கு என்று மனைவி கேட்டாள். பித்தவெடிப்பு என்றேன். எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். அதனால் வீட்டில் எந்த நாற்றத்துக்கும் காரணம் தயாராக இருந்தது. சகோதரியின் தெருவில் அப்படிப் பள்ளம் எதுவும் இல்லை.

அந்தச் சகோதரியின் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்தவர். கொரோனாவில் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் வேதபாடத்தைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லி அவரே போதகரிடம் கேட்டார். புதன்கிழமை என்றால் மதியத்திலிருந்தே வீட்டைத் துடைப்பார், பாய் விரிப்பார், கொண்டைக்கடலை சுண்டல் செய்வார். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் வீட்டு வாசலில் நிறையச் செருப்புகள் கிடக்கும். "இன்னிக்கு எங்க வீட்ல வேதபாடம்," என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டே கொத்தமல்லி வாங்குவதை நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

எலி என்று வெல்டர் சொன்ன அடுத்த சனிக்கிழமை, சகோதரி வெல்டரையும் என்னையும் உதவிக்கு அழைத்தார். அலமாரியை நகர்த்தினோம். பரணில் இருந்ததையெல்லாம் இறக்கினோம். தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார் வெல்டர். எங்கேயும் எதுவும் இல்லை. மிச்சம் இருந்தது கூடத்துச் சோபா. பழையது, மரச் சட்டம், ரெக்ஸின் உறை. கணவர் வேலை விட்டு வந்தால் செய்தி பார்க்க உட்காரும் இடம் அதுதான் என்று சகோதரி எங்களிடம் சொல்லியிருக்கிறார். நான் வேதபாடம் நடத்த உட்காருவதும் அதில்தான்.

"இந்தப் பக்கந்தான் வாடை தூக்குது," என்றார் வெல்டர், குனிந்து முகர்ந்து. "ஸ்பிரிங்குக்குள்ள பூந்துகினு செத்திருக்கும் சிஸ்டர். அறுத்துப் பாத்துடலாமா?"

சகோதரி சோபாவின் கைப்பிடியில் கிடந்த துணியை எடுத்து மடித்தார். பிறகு, "பாத்துடுங்க பிரதர்," என்றார்.

வெல்டர் அடித்துணியைக் கத்தியால் நீளமாகக் கிழித்தார். உள்ளே ஒரு சீப்பும், காய்ந்த வேர்க்கடலையும், ஒற்றைக் கம்பி உடைந்த மூக்குக் கண்ணாடி ஒன்றும் இருந்தன. கண்ணாடியைச் சகோதரி எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்து உள்ளே கொண்டுபோனார். எலி இல்லை. ஆனால் கிழித்த சோபாவை என்ன செய்வது? தெருவில் பழைய சாமான் எடுப்பவரின் மூன்று சக்கர வண்டி வந்தது. ஒரு முனையை வெல்டர் தூக்கினார். மறுமுனையை நான் தூக்கினேன்.

 அந்த முனையின் கனத்தை இப்போதும் சொல்ல முடியும். வாசல் படியில் இறங்கும்போது, "அண்ணா, பாத்து, கால்ல போட்டுக்காதீங்க," என்றார் சகோதரி.

அடுத்த புதன்கிழமை கூடம் வேறு மாதிரி இருந்தது. ஃபினாயில் வாடையும், அதன்மேல் மல்லிகை வாசனை ஸ்பிரேயும் அடித்தன. மாடியில் குடியிருப்பவர்கள் சாம்பிராணி போடச் சொன்னார்களாம். வேதபாடம் நடக்கும் வீட்டில் அது சரியா என்று தயங்கி, சகோதரி கடையில் ஸ்பிரே வாங்கியிருந்தார். சோபா இருந்த இடத்தில் எனக்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. உட்கார்ந்து கொஞ்ச நேரத்துக்குள், மல்லிகையைத் தாண்டி அது மறுபடியும் மேலே வந்தது.   வழக்கமாக முன்னால் உட்காரும் ஒரு பெண் ஜன்னலோரம் தள்ளிப்போய் உட்கார்ந்தார். அதைச் சகோதரி பார்த்துவிட்டார்.

அன்றைய பகுதி, பாடுபடுவதற்கு முந்தைய இரவில் இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியது. பெரிய வியாழன் நெருங்குவதால் போதகரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. எங்கள் சபையில் அந்த நாளில் பன்னிரண்டு பேரை முன்வரிசையில் உட்காரவைத்து, போதகர் முழங்கால் போட்டு அவர்கள் கால்களைக் கழுவுவார். இந்த வருடம் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன் என்று போதகர் இரண்டு நாள் முன்பு தொலைபேசியில் சொல்லியிருந்தார். "ஐயா, நீங்க முதல் ஆளா உட்காரணும்," என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, அன்று காய்ச்சல் வந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது என யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெல்டர் உற்சாகமாக இருந்தார்.

"போன வருசம் நானும் பன்னெண்டுல ஒர்த்தன் அண்ணாத்தே. காலைலயே எம்பொண்டாட்டி என்னைக் குந்தவெச்சி, கல்லு போட்டு கால தேச்சா பாரு, தோலு உறிஞ்சிபோச்சி. நெகம்லாம் வெட்டி, தேங்கா எண்ணெ தடவி, சர்ச்சுக்குப் போனா பக்கத்துல கீறவன் எனக்கு மேல. பார்லர்ல காசு குட்த்து கால சுத்தம் பண்ணிகினு வந்துகீறான். பளபளன்னு மின்னுது. பாஸ்டர் ஐயா தண்ணி ஊத்தி இன்னாத்த கழுவுவாரு? பாவம், அவரே சிரிச்சிட்டாரு."

"அழுக்கோட போனா அவமானமில்ல பிரதர்?" என்றது ஜன்னலோரக் குரல்.

"அத்தான் நானும் கேக்கறேன். சுத்தமா கீற கால எதுக்குக் கழுவணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் விஷயத்துக்குத் திரும்பினேன். கால் கழுவுவது அந்த நாட்டில் வேலைக்காரன் செய்யும் வேலை, தெருவெல்லாம் புழுதி, திறந்த செருப்பு, எனவே சீடர் பேதுரு தன் காலைக் கழுவ விடாமல் முதலில் மறுத்தது குருவின்மேல் உள்ள மரியாதையால் என்று விளக்கினேன். சகோதரி வழக்கமாக அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார்.

"மரியாத மட்டும் இல்லண்ணா. வெக்கமும் இருந்திருக்கும். நம்மகிட்ட இருக்கற அழுக்க இன்னொருத்தர் குனிஞ்சு பாக்கறது எவ்ளோ கஷ்டம். நம்ம வீட்டுக்கு வந்தவங்க தள்ளிப்போய் உக்காரும்போது எனக்கு அது தெரியுது."

நல்ல கருத்து என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான்.

கடைசிச் சுற்றுக்கு முன் வெல்டர் தொண்டையைக் கனைத்தார். அவருக்கே பிடிக்காத ஒன்றைச் சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. "சிஸ்டர், பாஸ்டர் ஐயா போன் பண்ணாரு. யாரோ அவராண்ட சொல்லிகீறாங்க. அடுத்த வாரத்துலேர்ந்து வேதபாடத்த எங்க ஊட்ல வெச்சிக்கலாம்னாரு. நீ ஒண்ணும் மன்ச்ல வெச்சிக்காத. எலி கெடச்சதும் திரும்ப இங்கியே வந்துடலாம்."

"சரிங்க பிரதர்," என்றார் சகோதரி. பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த ஒரு கோரையை விரலால் உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தார்.

சுற்று என்னிடம் வந்தது. தாழ்மையில் வளர வேண்டும் என்றேன்.

முடிவு ஜெபத்தை வீட்டுக்காரர் செய்வது வழக்கம். சகோதரி மெதுவான குரலில் தொடங்கினார். நோயாளிகளுக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக, எங்கள் போதகருக்காக. பிறகு நிறுத்தினார். பிறகு சொன்னார்: "ஆண்டவரே, இந்த வீட்ல உமக்குப் பிரியமில்லாதது ஏதாவது இருந்தா எனக்குக் காட்டுங்க. எங்கிட்ட என்ன குறைன்னு எனக்குத் தெரியல. நான் எல்லா இடமும் தேடிட்டேன்."

அவர் எலியைப் பற்றிப் பேசவில்லை. தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தன் பாவத்தால்தான் வீடு நாறுகிறது என்று நம்பத் தொடங்கியிருந்தார்.

ஜெபத்தின் நடுவில் யாரும் பேசுவதில்லை. நான் பேசினேன். "நாற்றம் வீட்ல இல்லம்மா. என் கால்ல."

கண்கள் திறந்தன. யாருக்கும் புரியவில்லை. நான் குனிந்து காலுறைகளைக் கழற்றினேன். மேலுறை வந்துவிட்டது. உள்ளுறை பாதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. நான் பார்ப்பதைத் தவிர்த்துவந்த நாட்களில் அது என்ன ஆகியிருந்தது என்பதை மற்றவர்களுடன் சேர்ந்துதான் நானும் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே கறுத்து, குழியாக இருந்தது. பக்கத்து விரலும் கறுத்திருந்தது.

"அடப்பாவி அண்ணாத்தே," என்றார் வெல்டர். "அந்த எலி நீதானா?"

ஒருவர் சிரித்துவிட்டார். உடனே நிறுத்திக்கொண்டார். வெல்டர் அதற்குள் எழுந்து வாசலுக்குப் போய் ஆட்டோவுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சகோதரி சிரிக்கவில்லை. என் காலைப் பார்த்தார். பிறகு நாற்காலி இருந்த இடத்தை, அதாவது சோபா இருந்த இடத்தைப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை. சரிபார்த்துக்கொள்கிற குரல்.

"அன்னிக்கு சோபாவத் தூக்கும்போது அந்தப் பக்கம் நீங்கதானேண்ணா புடிச்சீங்க?"

"ஆமா," என்றேன்.

அவர் உள்ளே போய்ப் பழைய வெள்ளைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டார். அதைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

அம்பத்தூரில் ஒரு மருத்துவமனை. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். ஒரு விரலை மட்டும் எடுத்து, அதோடு விட்டார்கள். மனைவி என்னோடு அழுது சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் படுக்கை அருகே ஸ்டூலில் உட்கார்ந்து, சாத்துக்குடியை உரித்துக்கொண்டே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். "சபை பூரா மைக்ல சொன்னீங்க. வீட்ல இருக்கற ஒருத்திகிட்ட சொல்ல வாய் வரல, இல்ல?" சுளைகளைத் தட்டில் வைத்துவிட்டு, நர்ஸிடம் கட்டை எப்படி மாற்றுவது என்று கேட்கப் போனாள்.

சகோதரியும் பார்க்க வந்தார். வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். சோபாவைப் பற்றிப் பேசவில்லை. மனைவியிடம் குழம்பு டப்பாவைக் கொடுத்துவிட்டு, என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணா, உங்க மாத்திரைய பாதியாக் கொறச்சது டாக்டர் இல்லியா?"

"இல்லம்மா. நானேதான்."

"எனக்கும் சுகர் இருக்குண்ணா. நீங்க ஆண்டுவிழால சாட்சி சொன்னப்பறம், எனக்கு விசுவாசம் இல்லியோன்னு நெனச்சேன். நானும் பாதியாத்தான் போட்டுக்கினு இருக்கேன்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரை மின்விசிறியைப் பார்த்தேன். சோபா போனதற்கு அவமானப்பட்டு முடித்துவிட்டதாக அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் உண்மையில் அவமானப்பட வேண்டியது மாதக்கணக்காக இந்தப் பெண்ணின் சமையல் அறையில், ஒரு கத்திக்குக் கீழே, தினமும் நடந்துகொண்டிருந்திருக்கிறது. அன்றே கீழ்த்தளத்தில் அவருக்கு ரத்தம் எடுக்கவைத்தாள் என் மனைவி. அளவு மிக அதிகம். டாக்டர் அவரைத் திட்டினாராம். திட்டு வாங்க வேண்டியவன் மூன்றாம் மாடியில் படுத்திருந்தேன்.

"வேற யார்லாம் கேட்டாங்களோ," என்றார் சகோதரி கிளம்பும்போது. "மைக்லயே சொல்லிடுங்கண்ணா."

பெரிய வியாழனுக்கு முன் வீடு திரும்பினேன். கட்டோடு எப்படி வருவது என்று போதகரிடம் கேட்டேன், தப்பித்துவிடலாம் என்ற நினைப்பில். "இன்னொரு கால் இருக்கே ஐயா," என்றார். அன்று மாலை முதல் ஆளாக உட்கார்ந்தேன். போதகர் முழங்கால் போட்டு, இடது காலை மட்டும் பித்தளைப் பாத்திரத்தின் மேல் பிடித்துத் தண்ணீர் ஊற்றித் துடைத்தார். பாத்திரத்தில் விழுந்த தண்ணீர் குடிக்கலாம்போலத் தெளிவாக இருந்தது. ஏனென்றால் அன்று காலை குளியல் அறையில் உட்கார்ந்து, அந்த இடது பாதத்தை நான் பிரஷ் போட்டுத் தேய்த்திருந்தேன். நகம் வெட்டியிருந்தேன். இவ்வளவுக்கும் பிறகு. பின் வரிசையில் இருந்த வெல்டர் எட்டிப் பார்த்து, என் காலைக் காட்டி மெதுவாகச் சிரித்தார்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் பெயர் கொடுத்தேன். ஊன்றுகோலோடு மைக் முன் நின்றேன். கல் குத்தியதை, மறைத்ததை, சகோதரியின் வீட்டைப் பற்றிச் சந்தேகம் வந்தபோது பேசாமல் இருந்ததைச் சொன்னேன். ஒரு விரலோடு தப்பியதைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன், வரிசையாக, குழப்பமில்லாமல். ஒரு விரலோடு என்ற இடத்தில் கூட்டம் அல்லேலூயா என்றது. முடித்தபோது கைதட்டினார்கள். இறங்கி வரும்போது ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து, "எப்பேர்ப்பட்ட சாட்சி!" என்றார். பழைய கதகதப்பு மறுபடியும் கழுத்துவரை ஏறியதை உணர்ந்தேன்.

காணிக்கைப் பாட்டு தொடங்கியது. அன்று எங்கள் பக்கம் காணிக்கைப் பை எடுத்து வந்தது அந்தச் சகோதரி. காலை நீட்டி வைக்க வசதியாக நான் வரிசைக்கு வெளியே தனி நாற்காலியில் இருந்தேன். பையை என் முன் நீட்டியபோது குனிந்து, பாட்டுக்கு நடுவே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"மாத்திரைய பத்தி சொல்லவே இல்லியேண்ணா."

பையை அடுத்தவரிடம் நகர்த்திக்கொண்டு போய்விட்டார்.

நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இங்கே எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். மைக் முன் நின்றபோது அந்த வரி நாக்கு வரை வந்தது. கல், கால், மறைப்பு எல்லாம் என்னைப் பாவப்பட்ட மனிதனாகக் காட்டின. நறுக்கிய மாத்திரை என்னைப் பொய்யனாகக் காட்டும். என் தொழிலில் இருந்த கை தானாகவே அந்த வரியை அடித்துவிட்டது.

பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. முடிந்ததும் போதகர் அறிவிப்புத் தாளை எடுத்தார். நான் கையைத் தூக்கினேன். அவர் பார்த்து, திகைத்து, மைக்கை என் நாற்காலிக்கே அனுப்பினார். எழுந்து நிற்கவில்லை.

"ஒன்று விட்டுவிட்டேன்," என்றேன். "போன வருடம் மாத்திரை பாதியாகிவிட்டது என்று சொன்னேன். டாக்டர் அதைக் குறைக்கவில்லை. அவரைக் கேட்காமல் நானாகக் குறைத்தேன். என் பேச்சைக் கேட்டு யாராவது குறைத்திருந்தால், முழு மாத்திரை போடுங்கள். நாளைக்கே டாக்டரிடம் போங்கள்."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. மேலே மின்விசிறிகள் சுற்றும் சத்தம் கேட்டது. பெண்கள் பக்கத்தில் வயதான ஒருவர் மற்றொருவரிடம் ஏதோ கிசுகிசுத்தார். அந்த வயதானவர் தன் கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். சற்று முன் என் கையைப் பிடித்த பெரியவர் என் பக்கம் திரும்பவில்லை.

மைக் திரும்பிப் போனது. போதகர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, தாளில் இருந்த அடுத்த அறிவிப்பை வாசித்தார். வேதபாடம், வரும் புதன்கிழமை மாலை, வழக்கம்போல சகோதரி வீட்டில்.